ஓடும் உடைமையும்

வீட்டில் நிறைந்து கிடக்கும் பண்டங்களைக் குறைத்துச் சிலவற்றோடு வாழ்தல் நன்று என்னுங் கொள்கை இக்காலத்து நாடுதோறும் பரவி வருகின்றது. யப்பான் நாட்டு மாதராராகிய மரீ கோண்டோ என்பார் இதுபற்றி எழுதிய நூல் 2014-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்து பல நாட்டாராலும் பயிலப்பெற்றது. அவர் கூறும் முறை எளிது. இல்லத்துப் பொருள்களை வகைவகையாக ஓரிடத்துக் குவித்து, ஒவ்வொன்றையுங் கையிலெடுத்து, இஃது உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருகின்றதோ என்று ஆராய்ந்து, தருவதனை வைத்துக்கொண்டு, தராததனை நன்றி கூறி நீக்குதல் வேண்டும் என்பதே அது. இதனைக் கேட்ட சைவருட் சிலர், இது நம் நூல்கள் கூறுந் துறவேயன்றிப் புதிதன்று என மகிழ்கின்றனர். அங்ஙனங் கொள்ளுதல் பொருந்துமோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பண்டங் குறைதலே துறவாயின், குறைத்தற்கு எல்லை யாது? அரசு துறந்து பட்டினத்தடிகளை அடைந்த பத்திரகிரியார், பிச்சையேற்கும் ஓடொன்றும், எஞ்சிய சோறுண்டு பின்றிரிந்த நாயொன்றும் உடையராய்த் திருவிடைமருதூர்க் கோயில் வாயிலில் இருந்தனர். தம்பால் இரந்து வந்த ஒருவனை அடிகள் நோக்கி, மற்றை வாயிலிற் சமுசாரி ஒருவன் உளன், அவன்பாற் செல்க என்று போக்கினர். அது கேட்ட பத்திரகிரியார் அவ்வோட்டை எறிந்துடைத்தனர் என்பது வழக்கு. நாடும் நகரும் யானையும் குதிரையும் விட்டுவந்த ஒருவரை ஓர் ஓடு பற்றி நின்றமை வியப்பேயன்றோ!

இதுகொண்டு ஓடு தீது என முடித்தலும் ஆகாது. தில்லையிலே திருநீலகண்ட நாயனாரிடத்துச் சிவயோகியாராய் எழுந்தருளிய பெருமான் கொடுத்துச் சென்றதும் ஓர் ஓடே. வைத்த இடத்தில் அதனைக் காணாது மயங்கிய நாயனார் வேறு நல்லோடு தருவேன் என்று வேண்டவும், பொன்னாற் செய்து தரினும் கொள்ளேன், யான் தந்ததே வேண்டும் என மறுத்துத் தில்லைவாழந்தணர் அவை வரையும் வழக்கை ஈர்த்துச் சென்றனர் பெருமான். வேட்கோவர் மனையில் ஓட்டுக்குக் குறைவுண்டோ? விலையாற் காசும் பெறாத மண்ணோடு, ஒருவர் நம்பி வைத்தமையான், பொன்னாலும் ஈடு செய்ய வாராததாயிற்று. ஓரிடத்து உடைத்தற்குரியதாய் நின்ற ஓடே பிறிதோரிடத்துக் காத்தற்குரியதாயினமை காண்க. வேற்றுமை மண்ணின்கண் உளதன்று. பத்திரகிரியார்க்கு அஃது எனது என நின்றது. நாயனார்க்கு அடைக்கலமாய் நின்றது.

உலகப்பொருள்கள் மாயையின் காரியம் என்பதும், மாயை ஆணவம்போல அறிவை மறைப்பதன்றி விளக்குப்போலச் சிறிது விளக்குவது என்பதும் நம் சித்தாந்தத் துணிபு. உமாபதிசிவம் திருவருட்பயனில் இவ்வுவமையை எடுத்தாண்டனர். ஆகலின் பண்டத்தை எறிந்த அளவானே இருள் அகலாது. விளக்கை அவித்தவன் முன்னையினும் மிக்க இருளில் நிற்பதும் கூடும். அற்றேல், பண்டங்களைப் பெருக்குதலும் அமையுமெனின், அமையாது. நூறு விளக்கேற்றி அவற்றுக்கு எண்ணெய் தேடுதலிலேயே இராப்பொழுதைக் கழிப்பவன் அவ்வொளியில் யாதொன்றுங் காணான்.

இனி, மகிழ்ச்சியே அளவுகோல் என்றதனை நோக்குவாம். பொருளைக் கையிலெடுத்து வினாவுதல் நன்றே. பற்று எத்துணை வலிதென்பது விட நினைக்கும் பொழுதன்றித் தெரியாது. ஆனால், அவ்வினாவுக்கு விடை கூறுவது யாது? இருவினை வயப்பட்டு விரும்பியும் வெறுத்தும் உழலும் உயிரின் உவப்பன்றோ? திருப்புகலூரில் உழவாரத் தொண்டு செய்த திருநாவுக்கரசு சுவாமிகள், அவ்விடத்துத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கைக் கல்லோடு ஒருங்கே வாரி வாவியில் எறிந்தனர். உழவாரப் படையை எறிந்திலர். பொன் உவப்புத் தாராமையான் நீக்கினர் என்றாவது, இரும்பு உவப்புத் தந்தமையான் வைத்தனர் என்றாவது கூறுவாருளரோ? திருமுன்றிலைத் தூய்தாக்கும் பணிக்கு ஒன்று வேண்டிற்று, ஒன்று வேண்டிற்றிலது.

எந்தையார் மறைந்தபின் அவரிருந்த வீட்டை யாம் ஒழிக்க நேர்ந்தது. மூன்று திங்களில் அரைப்பங்கிற்கு மேற்பட்ட பண்டங்கள் சென்றொழிந்தன. அறைகள் விரிந்தன, மனமும் இலேசாயிற்று. அதனைப் பொய்யென்று சொல்லேம். ஆயினும், நீக்கியவற்றின் தொகையை வருவார் போவாரிடமெல்லாம் எடுத்துரைக்கும் ஒரு வழக்கமும் எம்மிடத்து உடனே தோன்றிற்று. வள்ளுவனார் துறவு என்னும் அதிகாரத்தில் யான், எனது என்னும் இரண்டனையும் ஒருங்கே வைத்துச் செருக்கென்றதன் நுட்பம் அப்பொழுதே எமக்குப் புலனாயிற்று. எனது என்பதன் பாரம் குறையக் குறைய, யான் என்பது அவ்வெற்றிடத்திற் கால்நீட்டி அமர்ந்தது.

எஞ்சியது ஓர் இரும்புப்பெட்டி. பழங்காகிதம் வாங்குவானுக்கு அதனுள்ளிருந்தவற்றை நிறுத்துக் கொடுக்கையில், சிவஞானசித்தியார் உரைநூலொன்று கீழே விழுந்து விரிந்தது. முதலேட்டில் எமக்குத் தெரியாத ஒருவர் பெயர். அதன்கீழ், படித்தபின் அன்புகூர்ந்து திருப்புக என்னும் குறிப்பு. உள்ளே பக்கந்தோறும் அவர் கையால் எழுதிய ஐயங்களும் விடைகளும். எந்தையார் திருப்பினாரில்லை. மறந்தனரோ, கொடுத்தவர் முந்திச் சென்றனரோ, அறியேம். குறித்திருந்த ஊருக்குச் சென்று உசாவியும் அவர் வழியினரைக் காணக் கூடவில்லை.

அந்நூல் எமக்கு மகிழ்ச்சி தருவதன்று, காணுந்தோறும் உறுத்துகின்றது. தூய துணியிற் பொதிந்து பூசையறை மாடத்தில் வைத்துள்ளேம்.