கிரிட்டோவின் பக்கம்

கி.மு. 399. எழுபது வயது சாக்ரடீஸின் மேல் மெலெட்டஸ், அனிட்டஸ், லைகான் மூவரும் வழக்குத் தொடுக்கிறார்கள். நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே நாளில் முடிகின்றன. முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலை. உலகம் அந்த நாளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறது. எனக்கோ அதற்குப் பின் வந்த ஒரு மாதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

*

வழக்குக்கு முந்தின நாள், டெலோஸ் தீவுக்குப் புறப்படும் புனிதக் கப்பலுக்கு மாலை சூட்டியிருந்தார்கள். அது போய்த் திரும்பும்வரை ஏதென்ஸில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. அப்படிக் கிடைத்தவை 30 நாட்கள். கையில் வேலை இல்லாமல், சாவு வரும் திசை தெரிந்து கழித்த நாட்கள். சபையில் நின்று ஒரு நாள் துணிச்சலாகப் பேசுவதைவிட இது கடினம் என்றே நினைக்கிறேன்.

சாக்ரடீஸ் அப்போது ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் எழுதாமல் பேசியே இருந்தவர்!

*

கிரிட்டோ அவருக்குச் சம வயதுக்காரர், ஒரே ஊர்ப் பகுதிக்காரர், வசதியானவர். மரண தண்டனைக்குப் பதில் அபராதமாக 30 மினா கட்டலாம் என்றபோது பிணை நின்றவர்களில் ஒருவர். ஒருநாள் விடியுமுன்பே சிறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். சாக்ரடீஸ் அயர்ந்து தூங்குகிறார். கிரிட்டோ எழுப்பவில்லை. தப்பிக்கவைக்கப் பணம் தயார், தெஸ்ஸலியில் அடைக்கலம் தரவும் ஆட்கள் தயார். கப்பல் வரப்போகிறது என்ற சேதியும் நெஞ்சில் இருக்கிறது. இருந்தும், அந்தத் தூக்கத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

விழித்தபின் நடந்த வாதத்தில் சாக்ரடீஸ் வென்றார். இத்தனை காலம் இந்த நகரத்தின் சட்டங்களுக்குள் வாழ்ந்துவிட்டு இப்போது மட்டும் எப்படி ஓடுவது என்பது அவர் கேள்வி. அதை மறுக்க என்னிடமும் ஒன்றும் இல்லை. என்றாலும் அங்கே வாயடைத்து உட்கார்ந்திருந்த நண்பரை விட்டு என்னால் நகர முடியவில்லை.

*

கடைசி நாள். பிணத்தைக் கழுவும் சிரமம் பெண்களுக்கு வேண்டாமென்று தாமே குளித்துவிட்டு வருகிறார். எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று கிரிட்டோ கேட்கிறார். என்னைப் பிடிக்க முடிந்தால் உன் விருப்பப்படி செய் என்று சாக்ரடீஸ் சிரிக்கிறார். தான் போய்விடுவோம், கிடப்பது வெறும் உடல் என்பது அவர் எண்ணம்.

இந்த இடத்தில் நான் கிரிட்டோவின் பக்கம். அந்த உடலைத் தூக்க வேண்டியவர் அவர். அவர் கேட்டது சரியான கேள்வி.

வெயில் இன்னும் மலைமேல் இருக்கிறது, அவசரம் என்ன என்று கெஞ்சிப் பார்த்தவரும் அவரே. நண்பர் நஞ்சைக் குடித்ததும் அழுகையை அடக்க முடியாமல் எழுந்து போனவரும் அவரே.

*

கால்கள் மரத்து, குளிர் மேலே ஏறுகிறது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, மருத்துவத் தெய்வம் அஸ்கிளேபியஸுக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதே என்று கிரிட்டோவிடம் சொல்கிறார். இந்தச் சேவலுக்கு அறிஞர்கள் எத்தனையோ பொருள் சொல்லிவிட்டார்கள்; மரணமே நோய்தீர்க்கும் மருந்து என்பதுவரை. கிரிட்டோ பொருள் எதுவும் கேட்கவில்லை. செய்துவிடுகிறேன், வேறு ஏதாவது உண்டா என்றார். நானும் அதை அவரைப் போலவே கேட்டுக்கொள்கிறேன்: ஒரு கடன் பாக்கி, அதை நண்பர் தீர்க்க வேண்டும்.