முறைப்பாட்டுக்குப் பிறகு யார் துணை?

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. கோயில்களும் தேநீர்க் கடைகளும் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது கோரிக்கை. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் ஒழுங்கு செய்த அந்த ஊர்வலத்தைப் பொலிஸார் சுன்னாகத்திலேயே தடியடி நடத்திக் கலைக்கப் பார்த்தார்கள். அடிபட்டவர்கள் கலையாமல் யாழ்ப்பாணம் முற்றவெளி வரை போய்க் கூட்டத்தையும் நடத்தினார்கள்.

அவர்கள் கேட்ட உரிமை அப்போதே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. சாதியைக் காட்டி ஒருவரைக் கடையிலோ கோயிலிலோ தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சொல்லி ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆனாலும் கடை வாங்கில் இருக்க விடாமல் வெளியே நிறுத்தி, தகரப் பேணியிலோ போத்தலிலோ தேத்தண்ணி கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் நடந்துகொண்டுதான் இருந்தது. சட்டம் அசைய வேண்டுமானால் ஒருவர் முறைப்பாடு செய்ய வேண்டும். செய்தவர் மறுநாள் அதே ஊரில் கண்விழிக்க வேண்டும். குடியிருக்கும் காணி, கூலி தரும் தோட்டம், தண்ணீர் அள்ளும் கிணறு எல்லாம் யாருடைய கையில் இருந்தனவோ, அவர்களுடைய உறவினருக்கு எதிராகவே அவர் பொலிசில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வெறுப்பினால் இழைக்கப்படும் குற்றங்களை அடையாளம் காணவும் முறையிடவும் ஊர் மக்களுக்குக் கற்பிக்க நிதி ஒதுக்குவது சரியா என்ற கேள்வியை இந்த இடத்தில் இருந்துதான் கேட்க வேண்டும். சரிதான். அறியாத உரிமை ஒருவருக்கும் உதவாது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சாதி, இனம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரச அதிகாரி ஒருவர் இந்த உரிமையை மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வரும் ஒருவருக்கு இதை யாராவது வீடு தேடிப் போய்ச் சொன்னால்தான் தெரியவரும். அப்படிச் சொல்வதற்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

ஆனால், முறையிடு என்று ஒருவருக்குச் சொல்பவர் அவரை ஓர் ஆபத்துக்குள் அனுப்புகிறார். சுன்னாகத்தில் இந்த ஆபத்தை யாரும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2011இல் சுன்னாகம் பொலிஸார் பிடித்துச் சென்ற ஓர் இளைஞர் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார். பின்னர் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் பொலிஸார் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இதை அறிந்த ஊரில், பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தயங்குபவரை விழிப்புணர்வு இல்லாதவர் என்று சொல்வது அநியாயம். அவருக்கு இருப்பது அனுபவம். செயலமர்வு முடிந்து, பதாகையைச் சுருட்டி, வந்தவர்களின் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு வாகனம் புறப்பட்ட பிறகு அவருக்கு யார் துணை என்ற கேள்விக்கு விடை இல்லாத திட்டம், நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் அறமற்றதாகவே முடியும்.

சுன்னாகத்திலேயே வேறொரு முறைப்பாடும் நடந்தது. மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சூழலியல் செயற்பாட்டாளர். பாதிக்கப்பட்டவர்தான் முறையிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது. கிணற்றுக்கு இருந்த இந்த நியாயம் அவமதிக்கப்படும் மனிதருக்கும் இருக்க வேண்டாமா?

2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை ஜே.சி.பி. இயந்திரம் இழுத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் கை வடத்தில் படக்கூடாது என்பதே காரணம் என்று பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அது ஒளிவுமறைவாக நடந்த காரியம் இல்லை. திருவிழாவுக்கு வந்த அத்தனை பேரும் பார்க்க நடந்தது. அங்கே பாடம் யாருக்குத் தேவைப்பட்டது? வடத்தில் கை வைக்க முடியாமல் போனவர்களுக்கு அது அவமதிப்பு என்று செயலமர்வு வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் பரிபாலன சபையினர், பொலிஸார், அதிபர்கள், சந்தை வியாபாரிகள், அன்று பேசாமல் நின்ற பக்தர்கள் ஆகியோரைத்தான் முதலில் வகுப்பில் இருத்த வேண்டும். அவர்கள் வரமாட்டார்கள் என்று திட்டம் எழுதுபவர்கள் சொல்கிறார்கள். வரச் செய்வது கடினம்தான். அழைத்தால் மறுக்க முடியாதவர்களை மட்டும் அழைத்து மண்டபத்தை நிரப்புவதற்கு அது நியாயம் ஆகாது.

அந்த வகுப்பில் தமிழர்களாகிய நமக்கு நடந்ததை மட்டும் பேசினாலும் போதாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அயலவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அச்சத்தால் நின்றவர்களும் உண்டு, மனம் ஒப்பி நின்றவர்களும் உண்டு. அதைப் பேச மறுக்கும் வெறுப்பு எதிர்ப்புப் பாடத்தைப் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்?

நிதி கொடுப்பவர்கள் எண்ணிக்கை கேட்பார்கள். முறைப்பாடுகள் கூடினால் ஊருக்குக் கெட்ட பெயர் என்று உள்ளூர் அதிகாரிகள் கவலைப்படுவார்கள். முதல் சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை கூடத்தான் வேண்டும். மௌனமாக இருந்தவர்கள் நம்பிக்கை வைத்து வாய் திறக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மண்டபத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, முறையிட்டவர் இழக்கும் நாட்கூலிக்கும், யாழ்ப்பாணத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகும் பஸ் காசுக்கும், பொலிஸ் நிலையத்தில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் மாற்றினாலே பாதி வேலை நடந்துவிடும். மீதிப் பாதி, ஆறு மாதம் கழித்து அவருடைய வீட்டுக்குப் போய், கூலி வேலைக்கு இன்னும் கூப்பிடுகிறார்களா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்க ஓர் ஆளை ஊரிலேயே சம்பளத்துக்கு வைத்திருப்பது.