விழுந்த கோபுரமும் நம் வாயும்



அடிபட்ட ஜனங்களைப் பற்றி நம் நாவு என்ன பேசுகிறது? இதைக் குறித்து எழுத ஆவியானவர் என்னை ஏவினார்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் காரைக்காலிலும் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2005 ஜனவரியில் நியூயார்க் நகரத்தின் 'ஹாட் 97' வானொலி, அலையில் செத்தவர்களைக் கேலி செய்து ஒரு பாட்டை ஒலிபரப்பியது! அந்த நிகழ்ச்சியிலேயே இருந்த ஒரு பெண், "இது தப்பு" என்று எதிர்த்துப் பேசினாள். ஊர் கொதித்தது. கம்பெனிகள் விளம்பரத்தை நிறுத்தின. இரண்டு பேருக்கு வேலை போயிற்று. நிவாரணத்துக்கு 10 லட்சம் டாலர் தருவதாக நிலையத்தார் அறிவித்தார்கள்.

அவங்க உலகத்தார், அப்படித்தான் பேசுவாங்க என்கிறீர்களா? பொறுங்கள்.

2010 ஜனவரி 12 அன்று ஹெய்தி தேசத்தில் பூமி அதிர்ந்து, லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மறுநாளே பாட் ராபர்ட்சன் என்ற பிரபல தொலைக்காட்சி ஊழியர், "இவர்கள் முன்னோர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து விடுதலையாகப் பிசாசோடு உடன்படிக்கை செய்தார்கள்" என்று பேசினார். நம் புதுவையை ஆண்ட அதே பிரெஞ்சுக்காரர்தான்! அடிமைச் சங்கிலியை அறுத்தது பிசாசின் வேலையா? அமெரிக்க அதிபர் மாளிகையே அவரைக் கண்டித்தது. அவருடைய ஊழியம் ஹெய்திக்கு மருந்தும் அனுப்பியது, மெய்தான். ஆனால் கையில் மருந்து, வாயில் சாபம். இது எப்படிப் பொருந்தும்?

அடுத்த மாதமே சிலி தேசத்தில் அதைவிடப் பலமடங்கு பெரிய அதிர்ச்சி உண்டாயிற்று. இறந்தவர்கள் சுமார் 500 பேர். சிலியில் பாவம் குறைவா? இல்லை, வீடுகள் உறுதி!

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார் (லூக்கா 13:4,5). கேட்டவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார்.

"அப்போ சோதோம், பாஸ்டர்?" என்பீர்கள். சோதோமுக்கு வரப்போவதை முன்னதாகவே அறிந்த ஆபிரகாம் கைதட்டினானா? பத்து நீதிமான்கள் மட்டும் இறங்கி வந்து கெஞ்சினான் (ஆதியாகமம் 18). தேவசத்தத்தை மெய்யாய்க் கேட்டவன் கெஞ்சுவான். குற்றம் சாட்ட ஓடமாட்டான்.

நம் வாசலுக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. புதுவையில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. "அந்தத் தெருவுல குடி ஜாஸ்தி, அதான் கர்த்தர் அடிச்சார்" என்று சொல்ல நம் நாவு துடிக்கலாம். பிரியமானவர்களே, தண்ணீர் பாவம் பார்த்து வரவில்லை. பள்ளம் பார்த்து வந்தது! மேட்டில் மனை வாங்கக் காசில்லாதவன்தான் பள்ளத்தில் இருக்கிறான். சுனாமியில் மடுகரை தப்பியதும் நம் பரிசுத்தத்தினால் அல்ல. நம் ஊர் கடலுக்குத் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாய் திறந்தார்கள், கெட்டது! முடிவில் கர்த்தரே அவர்களைக் கண்டித்தார் (யோபு 42:7).

கேலிப் பாட்டுக்கு உலகத்தாரே வெட்கப்பட்டார்கள். இரட்சிக்கப்பட்ட நாம் வெட்கப்படாமல் இருக்கலாமா? நம் வீட்டில், ஜெபக்கூட்டத்தில் அப்படி ஒரு பேச்சு எழும்பினால், "இது தப்பு" என்று சொல்ல ஒருவராவது இருங்கள். அடுத்த முறை வெள்ளம் வந்தால் அரிசியும் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள். கைப்பிரதி அப்புறம் கொடுக்கலாம். முதலில் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

கர்த்தர் தாமே நம் நாவைக் காத்து, நம் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!