ஒரு தகப்பன், இரண்டு ஜெர்சி

2010 ஜூன் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஜெர்மனியும் கானாவும் உலகக் கோப்பைக் கால்பந்தில் மோதின. ஜெர்மனியின் தற்காப்பு வரிசையில் ஜெரோம் போவாடெங். கானாவின் நடுக்களத்தில் அவருடைய அண்ணன் கெவின்-பிரின்ஸ் போவாடெங். உலகக் கோப்பையில் சகோதரர்கள் எதிரெதிராக ஆடியது அதுவே முதல்முறை. இருவரும் பெர்லினில் பிறந்தவர்கள். தந்தை ஒருவரே, கானாக்காரர். தாய்மார் வேறு வேறு, இருவருமே ஜெர்மானியர்.

இரத்தம்தான் விசுவாசத்தைத் தீர்மானிக்கிறது என்பவர்களுக்கும், பிறந்த மண்தான் தீர்மானிக்கிறது என்பவர்களுக்கும் இந்தச் சகோதரர்கள் பெரிய இடைஞ்சல். இரத்தமும் ஒன்று, ஊரும் ஒன்று. ஜெர்சி மட்டும் வேறு.

கெவின்-பிரின்ஸ் ஜெர்மனியின் இளையோர் அணிகளில் ஆடியவர். அப்படி ஆடியவர்கள் 21 வயதுக்குப் பிறகு வேறு நாட்டுக்கு மாற முடியாது என்றிருந்த விதியை 2009இல் ஃபிஃபா நீக்கியது. அந்த வழியாகத்தான் அவர் கானாவுக்குப் போனார். ஜெர்மனியில் இடம் கிடைக்காததால் போன சந்தர்ப்பவாதி என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு.

அவர் ஆடிய ஊர்களைப் பாருங்கள்: பெர்லின், லண்டன், போர்ட்ஸ்மவுத், மிலான், லாஸ் பால்மாஸ், ஃபிராங்க்ஃபர்ட், பார்சிலோனா, இஸ்தான்புல், கடைசியில் மறுபடியும் பெர்லின். இதை யாரும் துரோகம் என்பதில்லை. நானும் அப்படிப் பிழைப்பவன்தான். தகவல் தொழில்நுட்ப ஆலோசகனுக்கு இந்த வருடம் ஒரு வங்கி, அடுத்த வருடம் அதன் போட்டி வங்கி. என் மனம் எந்த வங்கியின் பக்கம் என்று எவரும் கேட்டதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தேனா என்று மட்டும் கேட்பார்கள்.

நாடு என்பது நோட்டீஸ் கொடுத்து விலகுகிற ஒப்பந்தம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் இரண்டாவது விருப்பமாக வந்தவன் முழு மனதோடு உழைக்க மாட்டான் என்று எப்படிச் சொல்வது? அதே 2010இல் அமெரிக்காவுக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடத்திலேயே கெவின்-பிரின்ஸ் கோல் அடித்தார். கானா காலிறுதிக்குப் போனது. ஆப்பிரிக்க நாடுகளில் அதற்குமுன் கேமரூனும் செனகலும் மட்டுமே அவ்வளவு தூரம் போயிருந்தன.

அடுத்த ஆண்டே அவர் கானா அணியிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு திரும்பி வந்தார். 2014 உலகக் கோப்பையின் நடுவில் ஒழுங்கு நடவடிக்கையாக அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவரைக் குறை சொல்வதென்றால் இதற்காகச் சொல்லலாம். எந்த நாட்டைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்பதைவிட, தேர்ந்த பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பதே என் கணக்கில் விசுவாசம்.

இந்தக் கணக்கில் ஒரு பாதிதான் ஆட்டக்காரருடையது. அதே 2014இல் தம்பி ஜெரோம் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையை வென்றார். ஜெர்மானியர் பார்வையில் 'சரியான' தேர்வைச் செய்தவர் அவர். இரண்டே வருடத்தில், ஆட்டக்காரராக அவரை மக்களுக்குப் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரராக விரும்ப மாட்டார்கள் என்ற பொருளில் வலதுசாரிக் கட்சி ஒன்றின் துணைத்தலைவர் சொன்னதாக நாளிதழில் வந்தது. அடுத்து நடந்த ஆட்டத்தில், எங்கள் பக்கத்து வீட்டுக்கு வாருங்கள் என்று ரசிகர்கள் பதாகை பிடித்தார்கள். நாடு தன் பங்கு விசுவாசத்தைக் காட்டவும் தவறவும் செய்யும் என்பதை ஒரே வாரத்தில் பார்த்தோம்.

இது எனக்கு வெறும் கால்பந்துப் பேச்சு இல்லை. 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை. இங்கே குடியுரிமை வாங்கினால் என் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். "அப்ப நாட்டையே விட்டுடறியா?" என்று கோயம்புத்தூரிலிருந்து அத்தை கேட்கிறார். உலகக் கோப்பை வந்தால் நீ எந்த அணி என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்திடும் அன்று என் மனதை யாராலும் அளக்க முடியாது. அதற்குப் பிந்தைய இருபது வருடங்களை அளக்கலாம்: வரி கட்டினேனா, வாக்களித்தேனா, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றென்றால் போய் நின்றேனா. அதே இருபது வருடங்களில் இந்த நாடு என் வீட்டுக்கு என்ன செய்தது என்று கேட்கும் உரிமையும் எனக்கு வேண்டும்.