சுவடு ஏற்கும் திரை

புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும் குடும்பத்தின் முன் கடையில் வைக்கப்படும் தேர்வு, விலையையும் அளவையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒளி எங்கிருந்து வரவேண்டும் என்பதே. ‘எல்.இ.டி. டிவி’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரைகள். அப்பெயர் பின்னால் எரியும் விளக்கை மட்டுமே குறிக்கும். ஓ.எல்.இ.டி. திரையிலோ பின்விளக்கு கிடையாது. கரிமச் சேர்மங்களாலான ஒவ்வொரு படப்புள்ளியும் மின்னோட்டம் பாயும்போது தானே ஒளிர்ந்து, நின்றதும் முற்றிலும் இருள்கிறது. ஒளி ஒரு பொருளுக்குத் தன் இயல்பா, பின்னிருந்து அருளப்படுவதா என்னும் இவ்வினாவை, உயிரைப் பற்றிய வினாவாகத் தமிழ்ச் சமய மரபு நெடுங்காலமாகவே வாதிட்டு வந்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை முதனூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம், உயிரைப் படிகத்துக்கு ஒப்பிடுகிறது. படிகம் தனக்கென நிறமின்றி அருகிலுள்ள பொருளின் நிறத்தையே காட்டுவதுபோல, உயிரும் எதனோடு கூடுகிறதோ அதன் தன்மையாகவே நிற்கும். இதைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்பர். மேலும், கண் காண்பதற்குக் கதிரவனின் ஒளி வேண்டியிருப்பதுபோல, உயிர் அறிவதற்கு இறைவன் உடன்நின்று அறிவித்தல் வேண்டும். இக்கொள்கைக்கு எல்.சி.டி. திரை வியக்கத்தக்க அளவில் இசைகிறது. பெயரிலேயே படிகத்தைத் தாங்கிய அதன் திரவத்துக்கு நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. மின்னழுத்தத்துக்கேற்ப மூலக்கூறுகளின் கிடப்பை மாற்றி, பின்விளக்கின் ஒளியை விடுவதும் தடுப்பதுமே அதன் தொழில். நிறத்தை வடிகட்டிகள் தருகின்றன. கரிய காட்சியிலும் பின்னொளி சிறிது கசிவதால் கருமை சாம்பல் பூத்துத் தெரிவதை வாங்குவோர் குறையாகவே காண்பர். சித்தாந்தியோ, ஆணவ இருளில் உயிர் ஒன்றுமறியாது கிடக்கும் கேவல நிலையிலும் இறைவன் அதைவிட்டு நீங்காமல், திரோதானம் என்னும் மறைப்பாற்றலால் தன்னை மறைத்து உடன் நிற்கிறான் என்ற தம் கருத்துக்கு அக்கசிவைச் சான்றாகக் காட்டக்கூடும்.

திருவண்ணாமலையில் வாழ்ந்த அத்வைத ஞானி ரமணர் (1879–1950) எடுத்துக்கொண்டது திரைப்பட அரங்கின் திரை. படத்தில் எரியும் தீ திரையைச் சுடுவதில்லை, பெருகும் வெள்ளம் அதை நனைப்பதில்லை என்று காட்டி, உலகத் தோற்றங்கள் ஆன்மாவைத் தீண்டுவதில்லை என அவர் விளக்கினார். 1928இல் அவர் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ தன் முதற் பாடலில் படம், பார்ப்பவன், திரை, ஒளி ஆகிய நான்கையும் ஒரே பொருளாகச் சொல்கிறது. அரங்கில் இந்நான்கும் நான்கு இடங்களில் இருக்க, ஓ.எல்.இ.டி.யில் அவற்றுள் மூன்று ஒன்றாகிவிட்டன. ஒளிரும் புள்ளியே திரை, அதுவே படம். பார்ப்பவர் மட்டும் இன்னும் சோபாவில் தனியே அமர்ந்திருக்கிறார்.

ஆயினும், தன்னொளி கொண்ட இத்திரையே சுவடு ஏற்பதாகவும் இருப்பதுதான் சிக்கல். செய்தி அலைவரிசையின் சின்னம் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே மூலையில் நின்றால், நாளடைவில் வேறு காட்சிகளினூடேயும் அதன் நிழல் மங்கலாகத் தெரியக்கூடும். இதைப் ‘பர்ன்-இன்’ என்பர். நுகர்ந்த பொருள் அகன்ற பின்னும் மனத்தில் தங்கும் பதிவை வேதாந்தம் ‘வாசனை’ என்று அழைப்பதால், இரண்டும் ஒன்றென்று சொல்லத் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து எதுவும் வந்து திரையில் படியவில்லை. மிகுதியாக ஒளிர்ந்த புள்ளிகள், ஒளிர்ந்த காரணத்தாலேயே, அண்டைப் புள்ளிகளைவிட விரைவில் தேய்ந்துபோகின்றன, அந்த ஏற்றத்தாழ்வே நிழலாகத் தெரிகிறது. செம்பின் களிம்பு, கண்ணாடியின் தூசு என்று நீக்கத்தக்க மாசைக் கொண்டு அமைந்த பழைய உவமைகள் இங்கே உதவா. ரமணரின் திரைக்கு, அது படத்தினின்று வேறாக இருந்ததே காப்பாக இருந்தது. மூன்றும் ஒன்றான இடத்தில் காட்சிக்கான செலவை ஒளியே ஏற்க நேர்கிறது. புள்ளி ஒளிர்வது மின்சாரத்தால், ஆகவே தேய்வது கருவியே அன்றி ஒளியின் மூலமன்று என்று அத்வைதி மறுக்கலாம், அம்மறுப்பு வலுவானதுங்கூட. ஆனால் அப்படிச் சொன்ன கணமே புள்ளியின் ஒளி இரவல் ஒளியாகிவிடுவதால், எதிர்வரிசையிலிருக்கும் சித்தாந்தி புன்னகைப்பார்.

பகலெல்லாம் செய்தி ஓடும் வெளிச்சமான கூடத்துக்கு எல்.சி.டி.யும், விளக்கணைத்துத் திரைப்படம் பார்க்கும் அறைக்கு ஓ.எல்.இ.டி.யும் பொருந்தும் என்று சொல்லும் விற்பனையாளர், வீட்டார் எதைச் சார்ந்திருப்பவர்கள் என்று கேட்டறிந்தே திரையைப் பரிந்துரைக்கிறார். மெய்கண்டாரின் வழிவந்தவர் அதில் பிழை காண மாட்டார். ஓ.எல்.இ.டி. பெட்டிகள் ரிமோட்டால் அணைக்கப்பட்ட பின், மின்னிணைப்பு இருக்கும் நிலையில், புள்ளிகளின் தேய்வை அளந்து மின்னோட்டத்தைத் திருத்திக்கொள்கின்றன; தேய்ந்தது மீள்வதில்லை, வேறுபாடு மட்டும் கண்ணுக்குக் குறைகிறது. கனவற்ற உறக்கமாகிய சுழுத்தியிலும் வாசனைகள் அழியாமல் வித்தாக ஒடுங்கியே இருக்கும் என்று வேதாந்தம் சொல்வது இதற்கு வெகு அருகில் வருகிறது. இரவில் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடும் வழக்கமுள்ள வீடுகளில், பெட்டிக்கு அந்த உறக்கமும் வாய்ப்பதில்லை.