பெட்டியில் கிடக்கும் துண்டு குற்றமாகுமா?

எவரையும் இன்னும் காயப்படுத்தாத ஒரு சிறு பொருளை வைத்திருந்த குற்றத்திற்காக ஒருவனைப் 10 ஆண்டுகள் வரை சிறையிலிடலாம் என்கிறது ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டிச் சட்டம். இது நீதியா, அல்லது மிகையான தண்டனையா?

அப்பொருள் ஒரு நாணயமளவே இருக்கும். அங்கே பேச்சுவழக்கில் அதனைச் 'சுவிச்' என்பர். சாதாரண கைத்துப்பாக்கியின் விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு ரவையே பாயும். இத்துண்டைப் பொருத்திவிட்டாலோ, விசையில் விரல் அழுந்தியிருக்கும் வரை ரவைகள் ஓயாமல் பாயும். ஆகவே, அது தனியே பெட்டியில் கிடந்தாலும் சட்டம் அதனை இயந்திரத் துப்பாக்கியாகவே கொள்கிறது. இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த 1934இல் எழுந்த சட்டம், 1968இல் இத்தகைய மாற்று உறுப்புகளுக்கும் விரிக்கப்பட்டது. புதிதாக ஆக்கப்படுபவற்றைப் பொதுமக்கள் வைத்திருப்பதே 1986இல் தடுக்கப்பட்டது.

சட்டம் இருந்தும் துண்டுகள் பெருகின. 2012 முதல் 2016 வரை 814 துண்டுகளைக் கைப்பற்றிய சமஷ்டி அதிகாரிகள், அடுத்த ஐந்தாண்டுகளில் 5,454 துண்டுகளைக் கைப்பற்றினர். சில சீனாவிலிருந்து தபாலில் வருகின்றன. சில வீட்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறியில் ஆக்கப்படுகின்றன. இவற்றையும் ஒலியடக்கிகளையும் விற்ற 350க்கும் மேற்பட்ட இணையத்தளங்களை 2024இல் அரசு முடக்கியது.

"கத்தியும் கொல்லும், கத்தி வைத்திருப்பவனையெல்லாம் சிறையிலிடுவதா?" என்று சிலர் கேட்பர். கத்தி காய்கறி நறுக்கும், கயிறு அறுக்கும். கொலை அதன் தவறான பயன். இத்துண்டுக்கோ வேறு பயன் எதுவுமில்லை. ஒரு ரவைக்கும் மறு ரவைக்கும் இடையிலுள்ள நிறுத்தத்தை நீக்குவதே அதன் ஒரே வேலை. அந்த நிறுத்தம் அற்பமானதன்று. மீண்டும் விசையை இழுக்க மனிதன் மீண்டும் தீர்மானிக்க வேண்டும். கோபம் தணிவதற்கும், எதிரே நிற்பது யாரென்று காண்பதற்கும் எஞ்சியிருக்கும் ஒரே கணம் அதுவே. அதனை நீக்குபவன் தன் கையின் மேலுள்ள ஆட்சியையே கைவிடுகிறான். குதித்தெழும் துப்பாக்கி குறியில் நில்லாது. வழியில் நிற்பவன் வீழ்கிறான்.

2024 செப்டெம்பரில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் நடந்தது இதுவே. நால்வர் மாண்டனர், 17 பேர் காயமுற்றனர். மாற்றப்பட்ட துப்பாக்கிகள் பாவிக்கப்பட்டதாகப் பொலிஸார் கருதினர். குறிவைக்கப்பட்டவர் ஒருவரே என்றும், ஏனையோர் இடையில் அகப்பட்டவர்கள் என்றும் அவர்கள் கூறினர். அதுவரை இத்துண்டைத் தடுக்கும் சொந்தச் சட்டம் அம்மாநிலத்தில் இருக்கவில்லை. 2025இலேதான் அது இயற்றப்பட்டது.

எனினும் சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. நீள் துப்பாக்கியில் பொருத்தி விரைவாகச் சுட உதவும் வேறொரு கருவி, சட்டத்தின் சொற்களின்படி இயந்திரத் துப்பாக்கியாகாது என 2024 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. நீதிபதிகள் சட்டத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் சட்டம் தடுக்காததெல்லாம் நல்லதாகிவிடாது என்பது மனச்சாட்சிக்குத் தெரியும்.

தன் அறையில் இத்துண்டை அச்சிட்டு விற்கும் இளைஞன், "நான் சுடவில்லையே" என்று சொல்லக்கூடும். மெய்தான்; அவன் சுடவில்லை. ஆனால் ஒரே ஒரு காரியத்திற்கு மட்டும் உதவும் பொருளைத் தெரிந்தே ஆக்கியவன், அக்காரியம் நடந்தபின் தனக்கு அதில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வான்? வாங்கியவனின் பெயர் அவனுக்குத் தெரியாது. வீழப்போகிறவனின் முகமும் தெரியாது. அறியாமை என்று அவன் சொல்வது, அறிய விரும்பாமையே. சட்டம் தண்டிப்பது செய்யாத கொலையை அன்று. கொலை எளிதாக நடக்கட்டுமென்று செய்து முடித்த ஆயத்தத்தையே.