பிரயன் பயந்தது எதற்கு?

ஒரு கொள்கையைத் தீயவர்கள் கையாண்டால் அந்தக் கொள்கையே பொய்யாகிவிடுமா? 1925 ஜூலையில் அமெரிக்காவின் டேட்டன் நகர நீதிமன்றத்தில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் முன்வைத்த வாதத்தின் அடியில் இருந்தது இந்தக் கேள்விதான். சட்டத்தை மீறிப் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாட வந்த பிரயனையே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ சாட்சிக் கூண்டில் ஏற்றி, பைபிளைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். அன்றிலிருந்து பிரயன் என்றாலே அறியாமை என்றாகிவிட்டது. அது அநியாயம்.

கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காகத் தங்க நாணய முறையை எதிர்த்துப் பேசி, 36 வயதிலேயே ஜனாதிபதி வேட்பாளரானவர் அவர். மூன்று முறை போட்டியிட்டு மூன்று முறையும் தோற்றார். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியைக் கண்டித்து 1906ல் எழுதினார். லூசிடானியா கப்பலை ஜெர்மனி மூழ்கடித்த பிறகு அந்நாட்டுக்கு அனுப்பவிருந்த கடிதம் போரில் கொண்டுபோய் விடும் என்று கருதி, 1915ல் வெளியுறவு அமைச்சர் பதவியையே துறந்தார். எளியவன் பக்கம் அவரை நிறுத்திய அதே விசுவாசம்தான் டார்வினுக்கு எதிராகவும் நிறுத்தியது. வலியவன் எளியவனை அழிப்பதே இயற்கையின் நியதி என்று சொல்லிப் போரையும் சுரண்டலையும் நியாயப்படுத்துவார்கள் என அவர் அஞ்சினார். அது வெறும் கற்பனையல்ல. ஸ்கோப்ஸ் வழக்கில் இடம்பெற்ற பாடநூலே மனித இனங்களைத் தரம் பிரித்தது. 'தகுதியற்ற' குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்றது. அதே நோக்கம் கொண்ட கட்டாயக் கருத்தடைச் சட்டம் ஒன்றை 1927ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அப்படியென்றால் பிரயன் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சரியல்ல. உயிர்கள் எப்படி உருவாயின என்பதற்குச் சான்றுகளே விடை சொல்ல வேண்டும்; மனிதனை எப்படி நடத்த வேண்டும் என்பதை அந்த விடை தீர்மானிப்பதில்லை. படைப்புக் கதை தளர்ந்தால் அறமும் தளர்ந்துவிடும் என்பது விசுவாசிகளின் அடுத்த வாதம். ஆனால் படைப்பின் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று சாட்சிக் கூண்டில் பிரயனே ஒப்புக்கொண்டார். அதனால் அவருடைய இரக்கம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த இரக்கத்துக்கும் எல்லை இருந்தது: 1924ல் தன் கட்சியின் மாநாட்டில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதை அவர் எதிர்த்தார். அதற்கு டார்வின் காரணமல்ல.

ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்து நாட்களில் பிரயன் டேட்டனிலேயே இறந்தார். அவர் காக்க வந்த சட்டம், மனிதன் விலங்கிலிருந்து வந்தான் என்று கற்பிப்பதை 1967 வரை தடுத்தது. மனிதரைத் தரம் பிரித்த பக்கங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.